மலை சூழ்ந்த குடா, சுற்றிலும் பழைய ஊர்கள்: திருகோணமலைக்கு எப்படிப் போவது, கோயிலைத் தாண்டி என்ன பார்ப்பது? முழு விவரம்

நாலு பக்கமும் மலை, நடுவில் ஏரி மாதிரி அசையாமல் நிற்கிற கடல், கரையோரம் கல் கட்டடங்களோடு பழைய ஊர்கள். இப்படி ஒரு வீடியோ சமீபத்தில் உங்கள் போனிலும் வந்திருக்கும். பெரும்பாலும் அது ஐரோப்பாவில் மாண்டினீக்ரோ நாட்டில் இருக்கிற கோட்டோர் குடா. யுனெஸ்கோ 1979-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். கீழே "லைஃப்ல ஒரு தடவையாவது போகணும்" என்று நம்ம ஆட்கள் கமெண்ட் போட்டிருப்பார்கள்.

போகலாம், தப்பில்லை. ஆனால் அதே வகை இடம் ஒன்று சென்னையில் இருந்து நேர்கோட்டில் பார்த்தால் கன்னியாகுமரியை விடக் கிட்டத்தில், சுமார் 500 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே கோயிலில் தேவாரம் பாடுகிறார்கள், டீக்கடையில் தமிழில் பேசுகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலைதான் அது.

இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோணேஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பின்னாடி பாறையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் ஏறிவிடுகிறார்கள். குடாவின் மற்ற கரைகளில் இருக்கும் கிண்ணியா, மூதூர், சம்பூர் எதுவும் டூர் அட்டவணையில் வருவதில்லை. அந்த ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் குடா ஏன் 400 வருஷமாகச் சண்டைக்குரிய இடமாகவே இருக்கிறது என்பது புரியும்.

குடா எப்படி இருக்கும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கோட்டோரில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள் தண்ணீரில் இருந்து நேராக எழும்பி நிற்கும். திருகோணமலையில் இருப்பவை குன்றுகள்தான். அந்த வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனால் கடல் அமைப்பு அசத்தும். வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் திருகோணமலை நகரம். அதற்கு மேற்கிலும் தெற்கிலும் குன்றுகளும் சிறு தீவுகளும் மறைத்து நிற்கும் உள் துறைமுகம். அதற்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி வந்து இங்கேதான் கடலில் கலக்கிறது. தரைக்கு அடியிலும் ஒரு விசேஷம் உண்டு: கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடலில் இருந்து குடாவின் வாய் வரைக்கும் வருகிறது. அதனால்தான் கரைக்குப் பக்கத்திலேயே அவ்வளவு ஆழம். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இதைச் சொல்வதற்கும், திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்டே வருவதற்கும் இந்த ஆழம் முக்கியக் காரணம்.

சென்னைக்கும் இந்தக் குடாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியதே 1875-ல்தான். அதுவரை கப்பல்கள் கரையில் இருந்து தள்ளி அலையில் ஆடிக்கொண்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அதுவும் முடியாது. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்களை ஒரு புயல் சிதைத்துப் போட்டது. இங்கிலீஷ்காரர்களுக்கும் அதே நிலைமைதான். மழைக்காலத்தில் போர்க்கப்பல்களைப் பத்திரமாக நிறுத்தவும் பழுது பார்க்கவும் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போக வேண்டும். போன நேரம் பார்த்து எதிரி வந்தால்? கோரமண்டல் கரை முழுக்கத் திறந்த வீடு.

அந்தச் சிக்கலுக்கு ஒரே தீர்வாகத் தெரிந்தது திருகோணமலை. வங்கக் கடலில் எந்தப் பருவத்திலும் கப்பல் நிற்கக் கூடிய ஆழமான, மறைவான இடம். அதனால்தான் 1782-ல் ஒரே வருஷத்தில் இது இரண்டு தடவை கை மாறியது. ஜனவரியில் டச்சுக்காரர்களிடம் இருந்து இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள்; ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்தார்; செப்டம்பர் 3-ம் தேதி கோட்டைக்கு வெளியே கடலில் பெரும் சண்டை நடந்தது. பிறகு டச்சுக்காரர்களிடமே திரும்பிப் போய், 1795-ல் சென்னையில் இருந்து அனுப்பப்பட்ட படை மறுபடி பிடித்தது. இலங்கை முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சிக்குப் போனதன் முதல் படி அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு டேனிஷ் கதையும் உண்டு. 1620-ல் ஓவே ஜெட்டே தலைமையில் வந்த டென்மார்க் கப்பல்கள் முதலில் கால் ஊன்றப் பார்த்தது திருகோணமலையில். அது சரிப்படவில்லை. அதே வருஷம் நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு அவர்கள் வாங்கிய இடம்தான் தரங்கம்பாடி. பொறையாறு பக்கம் டேனிஷ் கோட்டை பார்க்கப் போனவர்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும்.

கோட்டை, கோயில், பாறை

நகரத்தில் முதல் இடம் பிரெட்ரிக் கோட்டை. போர்த்துகீசியர்கள் 1620-களில் கட்டியது. கட்டுவதற்கு வேண்டிய கல், பாறை மேல் இருந்த கோணேஸ்வரர் கோயிலை இடித்து எடுத்தது. கோட்டை வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லில் இரட்டைக் கயல் செதுக்கி இருக்கும், பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்துகளும் தெரியும். வண்டியில் நேராக உள்ளே போகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

1639-ல் டச்சுக்காரர்கள் கைக்குப் போன கோட்டைக்கு இப்போதைய பெயரை 1803-ல் வைத்தது பிரிட்டிஷார். உள்ளே இன்றைக்கும் ராணுவ முகாம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பாதை அதற்கு நடுவில்தான். புள்ளிமான்கள் ரோட்டிலேயே திரியும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பிற்பாடு நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன், 1800-களின் தொடக்கத்தில் ஆர்தர் வெல்லஸ்லி என்ற கர்னலாக இங்கே தங்கியிருந்தார். அவர் பெயரைச் சொல்லும் வீடு கோட்டைக்குள் இருக்கிறது.

கோணேஸ்வரம், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். இலங்கையில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான். இன்னொன்று மன்னார் பக்கம் திருக்கேதீஸ்வரம். சம்பந்தர் கடல் தாண்டிப் போகவில்லை, ராமேஸ்வரத்தில் இருந்தே பாடினார் என்பது மரபு. அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு.

இப்போது நீங்கள் பார்க்கும் கட்டடம் பழசு கிடையாது. கோயில் இடிபட்ட பிறகு 300 வருஷத்துக்கும் மேல் வெறும் பாறைக்குத்தான் பூஜை நடந்தது. 1950-ல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956-ல் பாறைக்குக் கீழே கடலில் முக்குளித்த மைக் வில்சனும், அறிவியல் புனைகதை எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க்கும் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். லிங்கம் ஒன்று மேலே வந்தது. 1963-ல் குடமுழுக்கு நடந்தது. சன்னதியில் நிற்கும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால் அனுபவமே வேறு.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி போங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்து நிற்கும் இடம்தான் இராவணன் வெட்டு. கீழே எட்டிப் பார்க்கும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நகரத்தில் இன்னும் ஒரு நாள் இருந்தால் மேற்கே கன்னியா வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கலாம். சின்னச் சின்னதாக ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேற மாதிரி. அங்கேயும் இது பிள்ளையார் கோயில் இடமா, பௌத்தத் தொல்லியல் இடமா என்ற பிரச்சினை 2019-ல் போராட்டம் வரை போனது. நகருக்கு வடமேற்கே காட்டுப் பக்கத்தில் இருக்கும் வெல்கம் விகாரை என்கிற இராஜராஜப் பெரும்பள்ளிக்குப் போனால், சோழர் காலத்தில் ஒரு பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதி வைத்த தானக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழன் என்றால் கோயில், சிங்களவர் என்றால் விகாரை என்று இன்றைக்குப் போடும் கோட்டுக்குள் அடங்காத இடம் அது. எங்களைக் கேட்டால் கன்னியாவை விட்டாலும் இதை விட வேண்டாம்.

மூதூர்: பாய்மரம் மாற்ற வந்து மாட்டிக்கொண்ட கப்பல்

குடாவின் தென்கரையில் மூதூர். 1659-ல் ஆன் என்ற இங்கிலீஷ் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்தது. கொட்டியாரக் குடாவுக்குப் போய் வியாபாரம் பார்த்துக்கொண்டே மரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு கொடுத்தது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டை. வந்தவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் 1660-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். கேப்டன், அவருடைய மகன் ராபர்ட் நாக்ஸ் உட்பட 16 பேர். தந்தை அடுத்த வருஷமே காய்ச்சலில் இறந்தார். மகன் கிட்டத்தட்ட 20 வருஷம் கண்டி நாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்று, கடன் கொடுத்துப் பிழைத்து, 1679-ல் வடமேற்கே அரிப்பு டச்சுக் கோட்டைக்குத் தப்பினார். 1681-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகம்தான் கண்டி ராஜ்யத்தின் அன்றாட வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்து எழுதிய முதல் இங்கிலீஷ் பதிவு. ராபின்சன் குரூசோ கதைக்கும் அதில் இருந்து பொறி கிடைத்திருக்கும் என்பார்கள்.

மூதூர் இன்றைக்குத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர். மண் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை ரோட்டோரத்தில் பார்த்தால் நிறுத்தி வாங்குங்கள். மேலே பாணியை, அதாவது பனை அல்லது கித்துள் பாகை, ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2006 ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டைதான் கடைசிக் கட்டப் போரின் ஆரம்பம். ஆகஸ்ட் 4-ம் தேதி பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பசி ஒழிப்புத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழ் இளைஞர்கள், சுனாமி நிவாரண வேலைக்கு வந்தவர்கள். அதே வருஷம் ஜனவரி 2-ம் தேதி திருகோணமலை கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டு வழக்கிலும் இதுவரை யாருக்கும் தண்டனை இல்லை. மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் அந்தக் கடற்கரைதான்.

கிண்ணியா: பாலமும் படகுப் பாதையும்

முன்பெல்லாம் நகரத்தில் இருந்து மூதூர் போக லாஞ்ச் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆற்றுமுகத்திலும் வண்டியை மிதவையில் ஏற்றிக் கடக்க வேண்டும். அந்த மிதவைக்குக் கிழக்கு இலங்கைத் தமிழில் பெயரே 'பாதை'தான். 2009 அக்டோபரில் கிண்ணியா பாலம் திறந்தது, 396 மீட்டர். அடுத்தடுத்து மற்ற பாலங்களும் வந்தன. இப்போது குடாவைச் சுற்றிக் காரிலேயே போய்விடலாம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு மூதூரில்.

பாலம் வந்ததால் பாதைகளின் காலம் முடிந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23-ம் தேதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் உட்படக் குறைந்தது 6 பேர் இறந்தார்கள். அங்கே புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவை அது. இதே கிண்ணியாதான் 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆஸ்பத்திரியையே இழந்த ஊர். இங்கே எங்காவது மிதவையிலோ படகிலோ ஏறும் சூழ்நிலை வந்தால் லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள்.

சம்பூரும் 99 தொட்டிகளும்

மூதூருக்குக் கிழக்கே சம்பூர். 2006 சண்டையில் ஊரே காலியானது. போன மக்கள் திரும்பி வர முடியாதபடி நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது; பிறகு இந்தியாவின் என்டிபிசி-யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அனல் மின்நிலையம் கட்ட ஒதுக்கப்பட்டது. முகாம்களில் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு 2015-க்குப் பிறகு நிலம் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது. நிலக்கரித் திட்டம் 2016-ல் கைவிடப்பட்டு, அதே சம்பூரில் சூரிய மின் திட்டமாக மாறியது. 2025 ஏப்ரலில் கொழும்பு போன பிரதமர் மோடி, காணொலி வழியாக அதைத் தொடங்கி வைத்தார்.

உள் துறைமுகத்தின் இன்னொரு பக்கம் சீனக்குடா. காட்டுக்குள் வரிசையாக ராட்சத எண்ணெய்த் தொட்டிகள், மொத்தம் 99. இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கட்டியவை. 1942-ல் சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்தத் துறைமுகத்தின் மதிப்பு எகிறியது. அந்த ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. அதே படை வந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்த மாதம் சென்னை நகரமே காலியானது. வீட்டுப் பெரியவர்கள் "ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம்" என்று சொல்லக் கேட்டிருந்தால், அந்தச் சமயம் இதுதான்.

1987 ராஜீவ்–ஜெயவர்தன ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலையின் பெயர் தனியாக வருகிறது: இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாடும் இதை ராணுவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும் என்று. 2022 ஜனவரியில்தான் கணக்கு முடிவானது. 14 தொட்டிகள் லங்கா ஐஓசி-க்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. தொட்டிகள் இருக்கும் பகுதிக்குள் சுற்றுலாவாக நுழைய முடியாது, கேமராவை நீட்டவும் வேண்டாம்.

போவது எப்படி?

பாஸ்போர்ட் கட்டாயம். விசாவுக்கு ஆன்லைனில் ஈடிஏ எடுக்க வேண்டும். கட்டணம், சலுகை எல்லாம் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முந்தின நாள் இலங்கை அரசின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். ஏஜென்ட் மாதிரியே தோற்றம் காட்டும் போலித் தளங்கள் நிறைய.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருந்து கிளம்புகிறவருக்கு மூன்று வழி. முதல் வழி, பைபாஸில் மீனம்பாக்கம் போய் யாழ்ப்பாணத்துக்குச் சின்ன விமானம். கொரோனாவால் நின்றிருந்த இந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பலாலியில் இறங்கி, வவுனியா வழியாகப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். எங்கள் பார்வையில் தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இதுதான் நிம்மதியான வழி. மொழிப் பிரச்சினையே வராது. இரண்டாவது, கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து ரோட்டிலோ ரயிலிலோ சுமார் 260 கிலோமீட்டர். விமானங்கள் அதிகம் இருப்பதால் டிக்கெட் கிடைப்பது சுலபம்.

மூன்றாவது கப்பல். அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரல் வந்து, எழும்பூர் மாறி நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறை. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே மழைக்காலத்தால் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கடல் மோசமானால் ரத்து, அதனால் திரும்பும் தேதியில் கறாரான வேலை இருக்கிறவர்கள் இதை நம்பிப் போக வேண்டாம்.

குடாவைச் சுற்ற குறைந்தது இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் கோட்டை, கோயில், மாலையில் கடற்கரை. இரண்டாம் நாள் ஒரு ஆட்டோவோ வேனோ பேசிக்கொண்டு சீனக்குடா, கிண்ணியா, மூதூர். டிரைவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். கோயில், விகாரை, நிலம் பற்றிய பேச்சை நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர் சொன்னால் கேளுங்கள். 2025 நவம்பரில் கடற்கரையோர விகாரை இடத்தில் வைத்த புத்தர் சிலையைப் போலீஸ் எடுத்து, மறுநாளே திரும்ப வைத்த விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் பெரும் எண்ணிக்கையில் வாழும் மாவட்டம் இது.

எப்போது போகலாம்?

நம்ம ஊர் மழைக்காலம்தான் அங்கேயும் மழைக்காலம். அக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை தவிர்ப்பது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; மகாவலி பெருகி மூதூர்ப் பக்கமும் வெள்ளம். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மே முதல் செப்டம்பர் வரைதான் இங்கே கடல் அமைதியாக, வெயிலாக இருக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குச் சரியாக வரும். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் அந்த மாதங்களில்தான் காலை ஆறு மணிக்குக் கிளம்பும், முதல் நாள் இரவே சொல்லி வைக்க வேண்டும்.